படிகம் வேறு, அழற்சி வேறு: கவுட் வலியின் உள்ளே

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வின் முடிவுகள் 1987-இல் வெளியாயின. ரத்தத்தில் யூரிக் அமிலம் டெசிலிட்டருக்கு 9 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தவர்களில், ஐந்து ஆண்டுகளுக்குள் 22 சதவீதம் பேருக்குக் கவுட் என்ற மூட்டு நோய் வந்தது. இந்த 22-ஐ எச்சரிக்கையாக எடுத்துக்கொள்வது மருத்துவ வழக்கம். நோயைப் புரிந்துகொள்ள நினைப்பவருக்கோ மிச்சமுள்ள 78 சதவீதம் பேர்தான் பெரிய கேள்வி. அவ்வளவு யூரிக் அமிலத்தை வைத்துக்கொண்டு ஐந்து ஆண்டுகள் ஒரு வலியும் இல்லாமல் அவர்கள் எப்படி நடமாடினார்கள்?

அந்த யூரிக் அமிலம் அவர்களின் மூட்டில் படிகமாகவே மாறவில்லை என்று சொன்னால் அது பாதிப் பதில்தான். நியூசிலாந்தில் நிக்கோலா டால்பெத் குழுவினர், கவுட் தாக்குதல் ஒருமுறைகூட வந்திராத, ஆனால் யூரிக் அமிலம் 9-க்கு மேல் உள்ளவர்களின் பாதங்களை இரட்டை ஆற்றல் சி.டி. ஸ்கேன் மூலம் படமெடுத்து 2015-இல் வெளியிட்டார்கள். ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு மூட்டிலோ தசைநாணிலோ யூரிக் அமிலத்தின் உப்பான யூரேட் ஏற்கெனவே படிந்திருந்தது. ஏற்கெனவே கவுட் வந்து போனவர்களிடமும் இதே நிலைதான். வலி அடங்கி, வீக்கம் வற்றி, சாதாரணமாக நடந்துகொண்டிருக்கும் ஒருவரின் முழங்காலில் ஊசி செலுத்தி மூட்டுநீரை எடுத்துப் பார்த்தால் அதிலும் படிகங்கள் இருக்கும். படிகம் ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருக்கிறது. வலி ஒரு நள்ளிரவில் வருகிறது, ஒன்றிரண்டு வாரத்தில் போய்விடுகிறது.

ஆகவே கவுட்டில் இரண்டு நிகழ்வுகள் இருக்கின்றன. ஒன்று வேதியியல்: யூரேட் சேர்வதும் படிவதும். அது மெதுவானது, சத்தமில்லாதது. மற்றொன்று நோயெதிர்ப்பு மண்டலத்தின் எதிர்வினை: சில மணி நேரத்தில் மூண்டு உச்சத்துக்குப் போவது. நம் ஊரில் கவுட் பற்றிப் பேச்சு வந்தால் முதல் நிகழ்வோடு நின்றுவிடுகிறது. ஹெல்த் செக்கப் ரிப்போர்ட்டில் யூரிக் அமிலத்துக்கு நேரே சிவப்புக் குறி. உடனே வீட்டில் பருப்பும் கீரையும் தடை. நோயாளியின் தூக்கத்தைக் கெடுப்பதோ இரண்டாவது நிகழ்வு. அதை விளங்கிக்கொள்ளாததால் நடக்கும் தவறுகள் பல, அவற்றின் விலையும் அதிகம் என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதத் தோன்றுகிறது.

வேதியியலைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். நம் செல்களில் உள்ள மரபுப் பொருள் சிதையும்போது பியூரின் வெளிப்படுகிறது. அதன் கடைசிக் கழிவு யூரிக் அமிலம். பெரும்பாலான பாலூட்டிகளிடம் யூரிகேஸ் என்ற நொதி உண்டு. அது யூரிக் அமிலத்தை மேலும் உடைத்து எளிதில் கரையும் பொருளாக்கிவிடும். மனிதருக்கும் மனிதக் குரங்குகளுக்கும் அந்த நொதிக்கான மரபணு பல லட்சம் தலைமுறைகளுக்கு முன்பே செயலிழந்துவிட்டது. உடல் வெப்பநிலையில் ரத்தம் டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 6.8 மில்லிகிராம் யூரேட்டைத்தான் கரைத்து வைத்திருக்கும். வெப்பம் குறைந்தால் இந்த அளவும் குறையும். இதயத்திலிருந்து வெகுதூரத்தில், உடலின் மற்ற பாகங்களைவிடக் குளிர்ந்து கிடக்கும் கால் பெருவிரல் மூட்டு முதலில் மாட்டிக்கொள்வதற்கு இது ஒரு காரணம். யூரேட் கூடுவதற்குச் சாப்பாட்டைவிடச் சிறுநீரகமும் குடலும் அதை வெளியேற்றும் திறனே பெரிய காரணம். அந்தத் திறனை நிர்ணயிப்பதில் மரபணுக்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

படிகம்தான் வலிக்குக் காரணம் என்று 19-ஆம் நூற்றாண்டிலேயே உறுதியாகச் சொன்னவர் லண்டன் மருத்துவர் ஆல்ஃப்ரெட் பேரிங் கராட். கவுட் நோயாளிகளின் ரத்தத்தில் யூரிக் அமிலம் கூடுதலாக இருப்பதை 1848-இல் அவர் காட்டினார். பின்னர் அவர் வகுத்த சோதனையில், ரத்த நீரில் அமிலம் சேர்த்து, அதில் ஒரு நூலைப் போட்டு வைத்தால் நூலின் மேல் யூரிக் அமிலம் படியும். அவ்வளவு எளிய சோதனை. மூட்டில் படியும் யூரேட் அழற்சியின் விளைவு அல்ல, அதன் காரணம் என்று 1859-இல் தன் நூலில் எழுதினார். 1899-இல் மாக்ஸ் ஃப்ராய்ட்வைலர் யூரேட் படிகங்களை ஊசிமூலம் உடலுக்குள் செலுத்தினால் அழற்சி உண்டாவதைச் செய்தே காட்டினார். இருந்தும் மருத்துவ உலகம் அதைக் கண்டுகொள்ளவில்லை. அறுபது ஆண்டுகள் அந்தக் கண்டுபிடிப்பு நூலகத்தில் கிடந்தது.

அதை மீட்டெடுத்தவர் டேனியல் மெக்கார்ட்டி. 1961-இல் ஃபிலடெல்ஃபியாவில் அவரும் ஜோசப் ஹாலண்டரும், வீங்கிய மூட்டிலிருந்து எடுத்த நீரை, கனிமங்களை ஆராய்வோர் பயன்படுத்தும் முனைவாக்க ஒளி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். இன்றும் கவுட்டை ஐயமறக் கண்டறியும் வழி அதுவே. கண்ணாடி வில்லையில் ஒரு துளி மூட்டுநீர். புலம் முழுக்க ஊதா கலந்த இளஞ்சிவப்பு. அதில் இரு முனையும் கூரான மெல்லிய ஊசிகள். கருவியின் அச்சுக்கு இணையாகக் கிடக்கும் ஊசி மஞ்சளாக ஒளிர்கிறது. மேடையைத் தொண்ணூறு பாகை திருப்பினால் அதே ஊசி நீலமாகிறது. சற்று உற்றுப் பார்த்தால் சில ஊசிகள் நீரில் தனியாக மிதக்கவில்லை என்பது தெரியும். ஒரு வெள்ளணு அதை விழுங்கியிருக்கிறது. ஊசி அந்தச் செல்லைவிட நீளமாக இருப்பதால் ஒருபுறம் குத்தி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. கவுட் நோயின் சாரம் முழுதும் அந்த ஒரு காட்சியில் அடங்கியிருக்கிறது என்பேன்: விழுங்க முடியாததை விழுங்கிய வெள்ளணு.

அடுத்த ஆண்டு மெக்கார்ட்டியும் உடன் பணியாற்றிய ஜேம்ஸ் ஃபேர்ஸும் யூரேட் படிகங்களைத் தங்கள் முழங்காலுக்குள்ளேயே ஊசிமூலம் செலுத்திக்கொண்டார்கள். சில மணி நேரத்தில் கடும் வலி, வீக்கம், நடக்க இயலாமை. நோயே இல்லாத இருவரின் மூட்டில், படிகம் ஒன்றை மட்டும் வைத்து, முழுமையான கவுட் தாக்குதலை உண்டாக்கிவிட்டார்கள். படிகம் இல்லாமல் கவுட் இல்லை என்பது அதோடு உறுதியாயிற்று.

படிகம் மட்டும் போதுமா என்ற கேள்வி அப்போதும் மிச்சமிருந்தது. 1966-இல் மெக்கார்ட்டியும் பால் ஃபெல்ப்ஸும் நாய்களுக்கு வின்பிளாஸ்டின் என்ற மருந்தைக் கொடுத்து, ரத்தத்தில் நியூட்ரோஃபில் எனும் வெள்ளணுக்களைப் பெருமளவு குறைத்துவிட்டு, மூட்டில் படிகத்தைச் செலுத்தினார்கள். படிகம் இருந்தது, எதிர்பார்த்த அழற்சி வரவில்லை. கூர்மையான ஊசி திசுவைக் குத்துவதால் வலிக்கிறது என்று இன்றும் பலர் விளக்கம் சொல்கிறார்கள். அந்த நாய்களின் மூட்டுகளில் ஊசியின் கூர்மை சற்றும் குறையவில்லை. குறைந்தது வெள்ளணு மட்டுமே.

வெள்ளணுக்களை அழைப்பது யார்? மூட்டின் உட்சவ்வில் மேக்ரோஃபேஜ் எனப்படும் பெருவிழுங்கணுக்கள் எப்போதும் குடியிருக்கின்றன. சிதைந்த செல்களையும் அந்நியப் பொருள்களையும் விழுங்கித் துப்புரவு செய்வது அவற்றின் அன்றாட வேலை. யூரேட் படிகத்தை முதலில் எதிர்கொள்பவை இவைதாம். எலிகளில் இவற்றை முன்கூட்டியே நீக்கிவிட்டால் படிகம் உண்டாக்கும் அழற்சி வெகுவாகக் குறைகிறது. பெருவிழுங்கணு எழுப்பும் அபாயச் செய்தியில் முதன்மையானது இன்டர்லூகின்-1 பீட்டா என்ற புரதம். படிகம் பட்ட வெள்ளணுக்கள் இன்டர்லூகின்-1-ஐச் சுரக்கின்றன என்று 1980-களிலேயே தெரிந்திருந்தது. எந்த வழியில் என்பதற்கு விடை கிடைக்க மேலும் இருபது ஆண்டுகள் ஆயின. அந்த விடை கவுட்டுக்குச் சம்பந்தமே இல்லாததாகத் தோன்றிய ஓர் அரிய நோயிலிருந்து வந்தது.

மக்கிள்-வெல்ஸ் நோய் என்று ஒன்று உண்டு. பரம்பரையாக வருவது. கிருமி எதுவும் இல்லாமலே அடிக்கடி காய்ச்சல், தடிப்பு, மூட்டுவலி, நாளடைவில் காது கேளாமை. 2001-இல் இதற்குக் காரணமான மரபணு கண்டறியப்பட்டது. அது உருவாக்கும் புரதத்துக்கு இன்று என்.எல்.ஆர்.பி.3 என்று பெயர். அடுத்த ஆண்டு சுவிட்சர்லாந்தின் லோசான் பல்கலைக்கழகத்தில் யுர்க் ச்சோப் ஆய்வகம், இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த புரதங்கள் செல்லுக்குள் ஒன்றோடொன்று கூடி இன்ஃப்ளமசோம் என்ற அழற்சித் திரளை அமைக்கின்றன என்று காட்டியது. அந்தத் திரள் கேஸ்பேஸ்-1 என்ற வெட்டும் நொதியைத் தூண்டும்; நொதி, முழுமையடையாமல் கிடக்கும் இன்டர்லூகின்-1 பீட்டாவை வெட்டிச் செயல்படும் வடிவத்துக்குக் கொண்டுவரும். மக்கிள்-வெல்ஸ் நோயாளிகளிடம் இந்தத் திரள் தூண்டுதலே இல்லாமல் இயங்குகிறது. அப்படியென்றால் சாதாரண மனிதரிடம் அதைத் தூண்டுவது எது? 2006-இல் அதே ஆய்வகத்தின் ஃபாபியோ மார்ட்டினோன் குழுவினர் விடை சொன்னார்கள்: யூரேட் படிகம். என்.எல்.ஆர்.பி.3 இல்லாத எலியின் பெருவிழுங்கணுக்களில் படிகத்தைப் போட்டபோது இன்டர்லூகின்-1 பீட்டா வெளிவரவே இல்லை.

இதன் இயக்கத்தை நெருங்கிப் பார்ப்போம். பெருவிழுங்கணு படிகத்தை விழுங்கி, லைசோசோம் என்ற செரிமானப் பைக்குள் தள்ளுகிறது. பாக்டீரியாவாக இருந்தால் அங்கே கரைந்துபோகும். படிகம் கரைவதில்லை, பையின் சுவர் சிதைந்து உள்ளிருக்கும் நொதிகள் செல்லுக்குள் கசிகின்றன. செல்லிலிருந்து பொட்டாசியம் வெளியேறுகிறது. இந்தக் கலவரத்தை என்.எல்.ஆர்.பி.3 உணர்ந்து ஒன்றுகூடுகிறது. அதனோடு இணையும் மற்றொரு புரதம், செல் முழுக்கச் சிதறிக் கிடந்தது, சில நிமிடங்களில் ஒரே புள்ளியாகத் திரள்கிறது. ஒளிரும் சாயமேற்றிப் பார்த்தால் செல்லுக்கு ஒரு புள்ளி, ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர் அகலத்தில், நுண்ணோக்கியில் தெளிவாகத் தெரியும். அந்தப் புள்ளி தோன்றிவிட்டால் கேஸ்பேஸ்-1 இயங்கத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

ஆனால் வெட்டுவதற்கு இன்டர்லூகின்-1 பீட்டாவின் மூலப்பொருள் முன்கூட்டியே தயாராக இருக்கவேண்டும். அமைதியாக இருக்கும் பெருவிழுங்கணுவில் அது மிகக் குறைவு. அதைத் தயாரிக்க வேறொரு தூண்டுதல் தேவை. வங்கி லாக்கரைத் திறக்க வாடிக்கையாளரின் சாவியும் வங்கியின் சாவியும் சேர வேண்டியிருப்பதுபோல, இங்கும் இரண்டு சமிக்ஞைகள் சேரவேண்டும். படிகம் அவற்றில் ஒன்றுதான். தூய்மையான யூரேட் படிகத்தை அமைதியான செல்களின் மேல் போட்டால் பெரிதாக எதுவும் நடப்பதில்லை என்பதை ஆய்வகத்தில் எளிதில் காணலாம். கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன, படிகம் இருந்தும் வலியில்லாத மனிதர்களைப் புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான வழி எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது சாவி எங்கிருந்து வருகிறது? 2010-இல் நெதர்லாந்தின் லியோ யோஸ்டன் குழுவினர் ஒரு விடையைத் தந்தார்கள். ரத்தத்தில் திரியும் கொழுப்பு அமிலங்கள், செல்லின் மேற்பரப்பிலுள்ள டோல் வகை ஏற்பி ஒன்றைத் தூண்டுகின்றன. அதனோடு யூரேட் படிகமும் சேரும்போது இன்டர்லூகின்-1 பீட்டா பெருகி வெளிவருகிறது. இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் அந்த அளவுக்கு வருவதில்லை. கல்யாண விருந்துக்கும் மது அருந்திய இரவுக்கும் அடுத்த நாள் விரல் வீங்குவதற்குப் பழைய விளக்கம் யூரிக் அமிலம் ஏறியது என்பது. ஏறுவது உண்மைதான். ஆனால் புதிய படிகம் வளர அந்த ஓரிரவு போதாது. ஏற்கெனவே கிடந்த படிகத்துக்கு எதிராகச் செல்களைத் தயார்நிலைக்குக் கொண்டுவர ஓரிரவு தாராளம். அறுவை சிகிச்சை, காய்ச்சல், மூட்டில் அடிபடுதல், உடல் வறட்சி ஆகியவற்றுக்குப் பின் தாக்குதல் வருவதையும் இப்படியே பார்க்கலாம். நள்ளிரவுக்கும் காலை எட்டு மணிக்கும் இடையில் தாக்குதல் வரும் வாய்ப்பு பகலைவிட இரண்டு மடங்குக்கும் மேல் என்று 2015-இல் ஹியோன் சோய் குழுவினர் கணக்கிட்டார்கள். இரவில் பாதம் குளிர்வதும், அழற்சியை அடக்கும் கார்ட்டிசால் சுரப்பு நடு இரவில் தாழ்ந்திருப்பதும் சேர்ந்து இதற்குக் காரணமாகலாம்.

இன்டர்லூகின்-1 பீட்டா வெளியே வந்த பிறகு நடப்பவை வேகமானவை. அருகிலுள்ள ரத்தக் குழாய்களின் உட்சுவர் ஒட்டும் தன்மை பெறுகிறது. உட்சவ்வுச் செல்கள் இன்டர்லூகின்-8 என்ற ஈர்ப்புப் புரதத்தைச் சுரக்கின்றன. ஓடும் ரத்தத்திலிருந்து நியூட்ரோஃபில்கள் சுவரில் ஒட்டி, உருண்டு, இடுக்கு வழியே மூட்டுக்குள் நுழைகின்றன. சாதாரண மூட்டுநீரில் ஒரு கன மில்லிமீட்டருக்கு இருநூறுக்கும் குறைவாக இருக்கும் வெள்ளணுக்கள் பல்லாயிரமாகின்றன. வந்தவையும் படிகத்தை விழுங்கிச் சிதைந்து, தங்கள் நொதிகளைக் கொட்டுகின்றன. அந்த நொதிகளில் சில, கேஸ்பேஸ்-1-இன் துணையின்றியே இன்டர்லூகின்-1 பீட்டாவை வெட்டும் திறன் கொண்டவை. ஆகவே என்.எல்.ஆர்.பி.3-ஐ மட்டும் தடுத்தால் கவுட் முழுக்க அடங்கிவிடும் என்று நினைப்பது அவசரம். அழற்சியின்போது சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் நரம்பு முனைகளைக் கூருணர்வு கொள்ளச் செய்கிறது. போர்வை படுவதைக்கூடத் தாங்க முடியாத வலி என்று நோயாளிகள் சொல்வது மிகையல்ல. 17-ஆம் நூற்றாண்டு மருத்துவர் தாமஸ் சிடன்ஹாம், தானே கவுட்டால் வதைபட்டவர், 1683-இல் எழுதிய நூலில் அதையே பதிவு செய்திருக்கிறார்.

எனக்கு இந்த நோயில் மிகவும் வியப்பூட்டுவது வலி வருவதைவிட அது தானாகவே போவதுதான். மருந்தே கொடுக்காவிட்டாலும் பெரும்பாலான தாக்குதல்கள் ஒன்றிரண்டு வாரத்தில் அடங்குகின்றன. படிகம் அப்படியே இருக்கிறதே, பின் எது அடங்குகிறது? ஜெர்மனியின் எர்லாங்கனில் மார்ட்டின் ஹெர்மன், கேயோர்க் ஷெட் குழுவினர் 2014-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு எதிர்பாராத விளக்கம் அளித்தது. நியூட்ரோஃபில்கள் இறக்கும்போது தங்கள் டி.என்.ஏ.வை வலையாக வீசும் வழக்கம் உண்டு. கிருமிகளைச் சிக்கவைக்கும் உத்தி அது. மூட்டுக்குள் நியூட்ரோஃபில்களின் அடர்த்தி மிகும்போது இந்த வலைகள் ஒன்றோடொன்று பின்னித் திரண்டு, படிகங்களைப் பொதிந்துகொள்கின்றன. வலையில் ஒட்டியிருக்கும் புரதம் சிதைக்கும் நொதிகள் இன்டர்லூகின்-1 பீட்டா உள்ளிட்ட அழற்சிச் செய்திகளை வெட்டி அழிக்கின்றன. வலை வீச இயலாத எலிகளில் படிகம் உண்டாக்கிய அழற்சி அடங்காமல் நீடித்தது. அழற்சியை மூட்டிய அதே செல்கள், போதுமான எண்ணிக்கையில் சேர்ந்ததும், அதை அணைக்கின்றன.

நாட்பட்ட நோயாளிகளின் விரல் மூட்டிலும் காது மடலிலும் காணும் சுண்ணாம்பு போன்ற வெள்ளைக் கட்டிகளை இந்த வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். அவை வெறும் உப்புக் குவியல் அல்ல. படிகத்தைச் சுற்றி நோயெதிர்ப்புச் செல்கள் அரண் கட்டிய உயிருள்ள திசு. அந்த அரண் வலியை அடக்கி வைக்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல எலும்பை அரித்துவிடவும் செய்கிறது. வலி இல்லை என்பதால் நோய் நின்றுவிட்டது என்று நினைத்த பலரின் எக்ஸ்ரேயில் கடித்தெடுத்ததுபோல் எலும்பு காணாமல் போயிருப்பதற்கு இதுவே காரணம்.

இந்த விளக்கங்கள் எல்லாம் சரியென்றால், யூரிக் அமிலத்தைத் தொடாமலே வலியை நிறுத்த முடியவேண்டும். 2007-இல் லோசானில் அலெக்சாண்டர் சோ, வழக்கமான மருந்துகள் கொடுக்க முடியாத அல்லது பலனளிக்காத பத்து நோயாளிகளுக்கு, இன்டர்லூகின்-1-இன் ஏற்பியை அடைக்கும் அனகின்ரா ஊசியை மூன்று நாள் கொடுத்தார். பத்துப் பேருக்குமே வலி விரைவில் தணிந்தது. பெரிய சான்று 2018-இல் வந்தது. மாரடைப்பு வந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம், இன்டர்லூகின்-1 பீட்டாவைப் பிடித்துவைக்கும் கனகினுமேப் என்ற மருந்தின் இதயப் பயனை ஆராய்ந்தார்கள். அதே தரவுகளில் கவுட் தாக்குதல்களையும் எண்ணிப் பார்த்தபோது, மருந்து பெற்றவர்களுக்கு அவை பாதிக்கும் கீழே குறைந்திருந்தன. அவர்களின் யூரிக் அமில அளவு மட்டும் இம்மியும் மாறவில்லை. படிகம் வேறு, அழற்சி வேறு என்பதற்கு மனித உடலிலேயே கிடைத்த நிரூபணம் இது. அதே ஆய்வில் மருந்து பெற்றவர்களிடம் உயிர்பறிக்கும் தொற்றுகள் கூடுதலாக இருந்தன என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். இன்டர்லூகின்-1 பீட்டா கவுட்டுக்காகப் படைக்கப்பட்டதல்ல, கிருமிகளை எதிர்க்க உடல் வைத்திருக்கும் ஆயுதம். கவுட்டுக்கு இந்த மருந்தை ஐரோப்பா 2013-இலும் அமெரிக்கா 2023-இலும் அனுமதித்தன. விலை சாமானியர் நினைத்துப் பார்க்க முடியாதது.

சாமானியருக்குக் கிடைக்கும் மருந்து கோல்கிசின். ஐரோப்பாவில் அது இலையுதிர்காலத்தில் பூக்கும், குங்குமப்பூவை ஒத்த ஒரு செடியிலிருந்து வந்தது. 1820-இல் பாரிசின் பெல்லெட்டியேவும் காவெந்துவும் அதைப் பிரித்தெடுத்தார்கள். அதே பொருள் தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளிலும் இருக்கிறது. மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சிப் பக்கம் அதைக் கண்வலிக்கிழங்கு என்பார்கள். கிளுவை முள்ளின் மேல் கொடியைப் படரவிட்டு, பூக்கும் பருவத்தில் காலை நேரத்தில் ஒவ்வொரு பூவாகக் கையால் மகரந்தம் தொட்டு வைக்கிறார்கள். தேனீயை நம்பினால் காய் பிடிப்பது குறைவு. அந்தக் காய்களின் விதைதான் மருந்து நிறுவனங்களுக்குப் போகிறது. கொங்குச் சீமையின் வறண்ட நிலத்தில் ஒரு விவசாயி கைதொட்டு விளைவித்த விதை, எங்கோ ஒரு நோயாளியின் மூட்டில் நியூட்ரோஃபிலை நிறுத்துகிறது. இந்தச் சங்கிலியை நாம் போதுமான அளவு போற்றவில்லை என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

கோல்கிசின் செய்வது என்ன? செல்லுக்குள் நுண்குழல்கள் என்ற சட்டகம் இருக்கிறது. கோல்கிசின் அதன் கட்டுமானப் புரதத்தில் ஒட்டிக்கொண்டு சட்டகம் எழும்பாமல் செய்கிறது. சட்டகம் குலைந்தால் நியூட்ரோஃபில் ரத்தக் குழாய்ச் சுவரில் ஒட்டவும் ஊர்ந்து செல்லவும் தடுமாறும். என்.எல்.ஆர்.பி.3 திரள்வதற்கும் இந்த நுண்குழல்கள் உதவுகின்றன என்று ஜப்பானிய ஆய்வு ஒன்று 2013-இல் காட்டியது. தாக்குதல் தொடங்கிய சில மணி நேரத்துக்குள் கொடுத்தால் பலன் அதிகம், முற்றிய பின் குறைவு என்ற பழைய அனுபவ அறிவுக்கு இங்கே விளக்கம் கிடைக்கிறது. வயிற்றுப்போக்கு வரும்வரை மணிக்கொரு மாத்திரை என்ற பழைய முறைக்கு 2010-இல் வெளியான ஆய்வு முற்றுப்புள்ளி வைத்தது: ஒரு மணி நேரத்தில் 1.8 மில்லிகிராம் பெற்றவர்களும் ஆறு மணி நேரத்தில் 4.8 மில்லிகிராம் பெற்றவர்களும் ஒரே அளவுக்கு நலம் பெற்றார்கள். வயிற்றுப்போக்கு முதல் தரப்பில் வெகு குறைவு. சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு இந்த அளவும் ஆபத்தாகலாம். செங்காந்தள் கிழங்கைப் பச்சையாக அரைத்துச் சாப்பிடுவது உயிருக்கே உலை வைக்கும். நுண்குழல்கள் இல்லாமல் உடலின் எந்தச் செல்லும் பிரிந்து பெருக முடியாது.

இனி, முன்னே சொன்ன தவறுகளுக்கு வருகிறேன். விரல் வீங்கித் துடிக்கிற நாளில் ரத்தம் எடுத்துப் பார்த்து, யூரிக் அமிலம் சாதாரண அளவில் இருக்கிறது, ஆகவே இது கவுட் இல்லை என்று அனுப்பிவிடுவது முதல் தவறு. அழற்சி மும்முரமாக இருக்கும்போது சிறுநீரகம் யூரேட்டைக் கூடுதலாக வெளியேற்றும். ரத்த அளவு தற்காலிகமாக இறங்கும். வலி அடங்கி இரண்டு வாரம் கழித்து மீண்டும் பார்க்கவேண்டும்.

இரண்டாவது, பருப்பின் மேல் போடும் பழி. நாற்பத்தேழாயிரம் ஆண்களை 12 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2004-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், இறைச்சியும் கடலுணவும் கவுட் வாய்ப்பைக் கூட்டின. பியூரின் மிகுந்த காய்கறிகளும் பயறுகளும் கூட்டவில்லை. பால் பொருள்கள் குறைத்தன. நாக்கைக் கட்ட முடியாதவனுக்கு வரும் நோய் என்று குடும்பத்தார் குத்திப் பேசுவதற்கு அறிவியலில் இடமில்லை. 26 லட்சம் பேரின் மரபுத் தரவுகளை அலசி 2024-இல் வெளியான ஆய்வு, கவுட்டோடு தொடர்புடைய 377 மரபணு இடங்களைக் காட்டியது. அவற்றில் பல யூரேட்டைக் கடத்துபவை. இன்டர்லூகின்-1 சுரப்பையும் நோயெதிர்ப்புச் செல்களின் போக்கையும் தொடுபவையும் அங்கே இருந்தன. ஒரே அளவு படிகத்துக்கு ஒருவர் வீங்குவதும் மற்றவர் வீங்காதிருப்பதும் அவர்கள் பிறவியிலேயே கொண்டுவந்த வேறுபாடாகவும் இருக்கலாம்.

மூன்றாவது தவறுதான் மிகக் கொடியது. அலோப்யூரினால் என்ற மருந்து 1966 முதல் இருக்கிறது. யூரேட் உற்பத்தியையே குறைப்பது, விலையும் மலிவு. அதைத் தொடங்கிய முதல் சில மாதங்களில் கவுட் தாக்குதல் கூடுதலாக வரும். ரத்த யூரேட் இறங்கும்போது, உறைந்து கிடந்த படிவுகள் கரையத் தொடங்கி, அவற்றிலிருந்து படிகங்கள் உதிர்ந்து மீண்டும் பெருவிழுங்கணுக்களின் கண்ணில் படுகின்றன. நோயாளி என்ன நினைப்பார்? மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, வலி கூடிவிட்டது. நிறுத்திவிடுகிறார். ஒருமுறை நிறுத்தியவர் மறுபடி தொடுவது அரிது. குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்றுவதும், முதல் மூன்று முதல் ஆறு மாதம்வரை சிறிதளவு கோல்கிசினையோ வேறு அழற்சித் தடுப்பு மருந்தையோ துணைக்குக் கொடுப்பதும் இதைப் பெருமளவு தடுக்கும். இப்படி வரும் வலி மருந்து வேலை செய்வதன் அடையாளம் என்று முதல் நாளே நோயாளியிடம் சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். ஆறு மில்லிகிராமுக்குக் கீழே யூரேட்டை நிலைநிறுத்தினால் படிகங்கள் மெல்ல மெல்ல முழுதும் கரையும். அதன் பின் எத்தனை விருந்து வந்தாலும் செல்களுக்கு விழுங்க ஒன்றும் இராது.

தாக்குதலின் விளைவு மூட்டோடு நிற்பதுமில்லை. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் அபிஷேக் அபிஷேக் குழுவினர் 2022-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு கவுட் தாக்குதலுக்குப் பிந்தைய இரண்டு மாதங்களில் மாரடைப்போ பக்கவாதமோ வருவதற்கான வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. பெருவிரலில் சுரந்த இன்டர்லூகின்கள் ரத்தத்தில் கலந்து ஊரெல்லாம் சுற்றுகின்றன. இதயத் தமனியில் ஏற்கெனவே பலவீனமாக இருக்கும் கொழுப்புப் படலத்துக்கு அவை நல்லதல்ல. கால் விரல் வலிதானே என்று ஊசி போட்டுக்கொண்டு போகிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அதே நாட்டிங்ஹாமில் மைக்கேல் டோஹர்ட்டி நடத்திய ஆய்வு 2018-இல் வெளியானது. கவுட் உள்ள 517 பேரில் ஒரு பகுதியினர் வழக்கம்போல் தங்கள் மருத்துவரிடம் போனார்கள். மற்றவர்களைப் பயிற்சி பெற்ற செவிலியர்கள் கவனித்தார்கள். அவர்களிடம் புது மருந்து எதுவும் இல்லை. படிகம் என்றால் என்ன, அது ஏன் மூட்டில் கிடக்கிறது, வலி ஏன் வருகிறது, மருந்து தொடங்கிய பின் ஏன் மீண்டும் வரலாம் என்று உட்கார்ந்து விளக்கினார்கள். நோயாளியோடு சேர்ந்து மருந்தின் அளவை முடிவு செய்து படிப்படியாக ஏற்றினார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து, யூரேட் இலக்கை எட்டியவர்கள் வழக்கமான சிகிச்சையில் 30 சதவீதம். செவிலியர்களிடம் போனவர்களில் 95 சதவீதம்.